விதை முதல் அடுப்பு வரை: பரங்கிக்காய்க்கு 16 குறிப்புகள்

மஞ்சள் பூசணி, அரசாணிக்காய் என்று ஊருக்கு ஒரு பெயரில் வழங்கும் பரங்கிக்காய், கொல்லையில் ஒரு மூலையும் நல்ல வெயிலும் இருந்தால் தழைத்துப் படரும். பறிக்கும் பக்குவமும் வைக்கும் விதமும் தெரிந்தால், ஒரு கொடியின் காய்களை மாதக்கணக்கில் வைத்துச் சமைக்கலாம்.

1. ஜூன், ஜூலை மாதங்களிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் விதைக்கலாம். ஆடி பிறக்கும் சமயத்தில் ஊன்றினால், பொங்கல் கூட்டுக்கு வீட்டுக் காயே கிடைக்கும்.

2. வீட்டின் அளவு பார்த்து ரகம் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் 7 முதல் 8 கிலோ வரை இருக்கும். வயது 175 நாள். கோ 2 காய் ஒன்றரை முதல் 2 கிலோதான். வயது 135 நாள். நான்கு பேர் உள்ள வீட்டுக்குச் சிறிய காயே வசதி. வெட்டினால் மிச்சமாகி வீணாகாது.

3. ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி வேண்டும். குழிக்கு 5 விதை ஊன்றி, முளைத்து இரண்டு வாரம் ஆனதும் திடமான இரண்டு நாற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேர் அறுபடும்.

4. மாடித்தோட்டத்தில் வளர்க்க, பெரிய பையாக எடுத்து ஒரு பைக்கு ஒரு கொடி மட்டும் விடுங்கள். சிறு காய் ரகமே ஏற்றது. பந்தலில் ஏற்றினால், காய் பருக்கும்போது பழைய துணியைத் தூளி மாதிரி கட்டித் தாங்கல் கொடுக்க வேண்டும்.

5. தண்ணீரை வேரடியில் விடுங்கள். இலைகள் எந்நேரமும் நனைந்திருந்தால் பூஞ்சை நோய் வரும். உச்சி வெயிலில் இலை துவண்டு கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் கொடி நன்றாகத்தான் இருக்கிறது. காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர் போதவில்லை, அல்லது வேரில் கோளாறு என்று பொருள்.

6. முதலில் பூத்துக் கொட்டுபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காயோடு வருவது பெண் பூ. அது சில நாள் கழித்தே வரும்.

7. பெண் பூவின் பிஞ்சு பழுத்து உதிர்ந்துகொண்டே இருந்தால், தேனீ வரத்து குறைவாக இருக்கலாம். பூ விடியற்காலை விரிந்து முற்பகலிலேயே கூம்பிவிடும். அதற்குள், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள்.

8. இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டைக் காலை நேரத்தில் கையால் பிடித்து அழிக்கலாம். பழ ஈ குத்தி அழுகிய பிஞ்சைக் கொடியடியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பொறுக்கி எடுத்து அழித்துவிடுங்கள். கந்தகத் தூள் பூசணி வகைக் கொடிகளைக் கருக்கிவிடும், தூவக் கூடாது.

9. தரையில் படரும் கொடியின் காய்க்கு அடியில் வைக்கோல் அல்லது பலகைத் துண்டு வையுங்கள். ஈர மண்ணில் கிடக்கும் காய் அடிப்பக்கம் அழுகும்.

10. முற்றிய காய்க்கு அடையாளங்கள் உண்டு. காம்பு காய்ந்து கட்டை மாதிரி கெட்டியாகும். பச்சை மங்கித் தோல் மஞ்சளோ பழுப்போ ஆகும். நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்காது. இவை சேர்ந்து தெரியும்வரை பொறுத்திருங்கள். இளங்காய் சமைக்க ருசிதான், ஆனால் சேமிப்புக்கு ஆகாது.

11. காயைத் திருகிப் பிய்க்காமல், மூன்று விரற்கடை காம்போடு கத்தியால் அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கீறல் பட்ட காயை முதலில் சமைத்துவிடுங்கள்.

12. அறுத்த காயைக் கழுவாமல், மண்ணைத் துணியால் துடைத்து, மழை படாத காற்றோட்டமான இடத்தில் 10 முதல் 14 நாள் ஆறவிடுங்கள். தோல் இறுகும், சிறு சிராய்ப்புகள் ஆறும். இந்த இரண்டு வாரம்தான் காயின் ஆயுளைக் கூட்டுகிறது.

13. பிறகு வெறுந்தரையில் வைக்காமல் பலகை, வைக்கோல் அல்லது உறியில், ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். பழுக்கும் வாழைத்தார் பக்கத்தில் வேண்டாம். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனதை எடுத்துவிடுங்கள். முற்றிய காய் இரண்டு மூன்று மாதம் தாங்கும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் வைக்க வைக்க இனிப்பும் கூடும். வெட்டிய காயானால், விதையையும் நாரையும் வழித்தெடுத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்து, நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.

14. சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் வேகவைத்தாலும் போகாது; வயிற்றைப் பலமாகக் கெடுக்கும்.

15. பரங்கிக்காய் தானே நீர் விடும். கைத்தெளிப்பாகத் தண்ணீர் தெளித்து மூடி வேகவிட்டால் போதும். பால் கூட்டுக்கு, வெந்த காயில் காய்ச்சிய பாலும் கரைத்த அரிசி மாவும் விட்டுச் சிறுதீயில் ஒரு கொதி விடுங்கள். வெல்லம் போடுவதானால் இறக்கி ஆறியபின் போடுங்கள்; கொதியில் போட்டால் பால் திரியும். புளிக்குழம்பில் புளிக்கரைசல் விட்டபின் காய் மெதுவாகவே வேகும். முக்கால் பதம் வெந்தபின் புளியை விடுங்கள். மஞ்சள் சதையிலுள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். எண்ணெயில் தாளிப்பதும் தேங்காய் அரைத்து விடுவதும் அதற்கு உதவும்.

16. எதையும் எறிய வேண்டாம். இளந்தோலைத் துவையல் அரைக்கலாம், கொழுந்தைப் பொரியல் செய்யலாம், மிஞ்சிய ஆண் பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். விதையை வறுத்து உப்புத் தூவித் தின்னலாம். அடுத்த பட்டத்துக்கு, நன்கு முற்றி ஆறிய நாட்டு ரகக் காயின் விதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகக் காயின் விதை தாய்க்காயைப் போலக் காய்க்காது. அதைச் சேமிக்க வேண்டாம்.