வலை அட்டைக்கு ஒரு நிலையான பெயர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

நியாயவிலைக் கடை வரிசையில் நேற்று மூன்றாவதாக நின்றவரை இன்றும் 'மூன்றாமவரே' என்று அழைத்தால், வேறு யாரோ திரும்பிப் பார்ப்பார். இத்தகைய குழப்பம் கணினிக்குள்ளும் நேரும் என்பதைச் சென்ற பருவத்தில் நேரில் கண்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். வீட்டில் கணினி இல்லாததால் மாலையில் ஆய்வகத்திலேயே பயில்வேன். அங்கே இரண்டு நெட்வொர்க் கார்டுகள் பொருத்திய லினக்ஸ் கணினி ஒன்று உண்டு. ஒரு கார்டு வெளியே இணையத்துக்கு. மற்றது உள்ளே மாணவர் கணினிகளுக்கு. ஒருநாள் மின்தடைக்குப் பின் அதை நான் இயக்கினேன். இணையம் வரவில்லை. "நீதான் எதையோ மாற்றிவிட்டாய்" என்றனர் தோழர்கள். நான் எதையும் மாற்றவில்லை; ஆனால் அதை எடுத்துச் சொல்லும் அறிவு அன்று எனக்கில்லை. அதன்பின் படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

லினக்ஸின் பழைய முறையில் முதலில் கண்டறியப்படும் கார்டு 'ஈத்0', அடுத்தது 'ஈத்1'. இரு கார்டுகளின் டிரைவர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஏற்றப்படுவதால், எது முந்தும் என்பது உறுதியில்லை. அன்று பிந்த வேண்டியது முந்திவிட்டது. ஃபயர்வால் பெயரை நம்பியே காவல் செய்வது. எனவே வெளிவாசலுக்குரிய காவல் உள்வாசலுக்குப் போயிற்று. இணையம் நின்றது சிறு தீங்கே. காவல் இடம் மாறியதே பெருந்தீங்கு.

இக்குறையைப் போக்க 2013ஆம் ஆண்டில் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு வேறு வழி காட்டியது. கார்டு வந்த வரிசையை விட்டு, அது அமர்ந்த இடத்தைக் கொண்டு பெயரிடுவதே அவ்வழி. 'இஎன்' என்று தொடங்கினால் ஈதர்நெட். 'டபிள்யூஎல்' என்றால் வைஃபை. 'இஎன்ஓ1' என்பது மதர்போர்டிலேயே அமைந்த கார்டு. 'இஎன்பி2எஸ்0' என்பது பிசிஐ பஸ் 2, ஸ்லாட் 0 என்று தன் முகவரியைத் தானே சொல்லும். எங்கள் கணினியிலோ இம்முறை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. புதிதாக வேறொரு கார்டைச் செருகினால் பஸ் எண்கள் நகர்ந்து பெயர் மாறக்கூடும். அப்போது நாமே பெயர் சூட்டலாம். ஒவ்வொரு கார்டுக்கும் 48 பிட் கொண்ட மேக் முகவரி உண்டு. 'ஐபி லிங்க்' என்னும் கட்டளை அதைக் காட்டும். 'ஈடிசி' டைரக்டரியில் சிஸ்டம்டிக்குரிய நெட்வொர்க் பகுதியில் ஒரு லிங்க் கோப்பு எழுதி, 'மேட்ச்' என்ற தலைப்பில் மேக் முகவரியையும் 'லிங்க்' என்ற தலைப்பில் நாம் விரும்பும் பெயரையும் தர வேண்டும். பெயர் 15 எழுத்துக்கு மேற்படலாகாது. 'ஈத்0' என்று சூட்டுவதும் தகாது. அப்பெயரைக் கர்னல் ஏற்கெனவே மற்றொரு கார்டுக்குக் கொடுத்திருக்கலாம். கார்டு பழுதாகி மாற்றினால், கோப்பில் புதிய மேக் முகவரியை எழுத மறக்கக் கூடாது.

ஆசிரியர் மேற்பார்வையில் 'வான்0', 'லேன்0' என இரு பெயர்கள் சூட்டினோம். ஐந்து முறை அணைத்து இயக்கியும் பெயர்கள் மாறவில்லை. அடுத்த மின்தடைக்குப் பின் அக்கணினியை இயக்கத் தோழர்கள் என்னையே அழைத்தனர்.

இளைய மாணவர்க்கு ஒரு சொல்: பழுது நேர்ந்தால் "யார் தொட்டது?" என்று கேட்குமுன் "எது மாறிற்று?" என்று கேளுங்கள்.