தாடையும் தலையில்தான் இருக்கிறது

ஹெல்மெட் வாங்கக் கடைக்கு வருகிற பலரும் ஒரு கணக்கோடுதான் வருகிறார்கள். ஹைவேயில் போகிறவருக்கு ஃபுல் ஃபேஸ். ஊருக்குள் ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வர முகம் திறந்த ஓப்பன் ஃபேஸ் போதும். நாற்பதைத் தாண்டாத வண்டிக்கு எதற்கு இந்தப் பானை என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வண்டியின் வேகத்தை மட்டும் பார்க்கிறது, தலை விழும் உயரத்தைப் பார்ப்பதில்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிவிடும். சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுந்தாலும் இதில் பெரிய சலுகை கிடையாது. வண்டியின் வேகம் அதற்கு மேல் சேருவது. ஆகவே ஊருக்குள் ஓட்டுவதால் ஹெல்மெட்டில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை.

எந்தப் பாதியைக் குறைக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியின் ஹானோவர் வட்டார விபத்துகளை ஆராய்ந்த டீட்மார் ஓட்டே, ஹெல்மெட்டின் எந்த இடத்தில் எத்தனை அடி விழுந்தது என்று பிரித்துப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முகமும் தாடையும் இருக்கும் முன்பகுதியில் விழுந்திருந்தது. நாம் பத்திரமாக மூடி வைக்கும் உச்சந்தலையில் விழுந்தது மிகச் சொற்பம். நம் தெருவில் விழும் விதத்தை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. திருப்பத்தில் கொட்டிக் கிடக்கும் மணல், குறுக்கே பாயும் நாய், நின்றிருந்த காரின் கதவு சட்டென்று திறப்பது. கை முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறது, முன்சக்கரம் வழுக்குகிறது, ஆள் முன்னால் போகிறார். முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை, பிறகு முகவாய். பல் போகும், தாடை உடையும் என்பதோடு முடிவதில்லை. தாடை எலும்பின் மூட்டு மண்டையோட்டின் அடிப்பகுதியில்தான் பொருந்தியிருக்கிறது, பலமான அடி அங்கேயும் போய்ச் சேரும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் உண்மையிலேயே கனமானது வெயில். மே மாத மதியத்தில் நீண்ட சிக்னலில் ஃபுல் ஃபேஸுக்குள் முகம் வேகிறது. காற்றுத் துளைகள் வண்டி நகர்ந்தால்தான் வேலை செய்யும். நிற்கும்போது வைசரைத் தூக்கிவிடுவது, கறுப்பைத் தவிர்த்து வெள்ளை ஓடு எடுப்பது, கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணி, தலையில் ஒரு பருத்திக் கைக்குட்டை என்று சமாளிக்கலாம். வெக்கை தீராது, குறையும். அதனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: ஃபுல் ஃபேஸ் வாங்கி, புழுக்கம் தாங்காமல் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போவதைவிட, வார் கட்டிய ஓப்பன் ஃபேஸ் எவ்வளவோ மேல். இந்தியச் சாலைகளில் 2022இல் இறந்த 1,68,491 பேரில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. வெறுந்தலைக்கும் ஓப்பன் ஃபேஸுக்கும் உள்ள தூரம், ஓப்பன் ஃபேஸுக்கும் ஃபுல் ஃபேஸுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. போலீஸுக்காகத் தலையில் கவிழ்க்கும் பிளாஸ்டிக் தொப்பியை இந்தப் பேச்சிலேயே நான் சேர்க்கவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் முதல் குற்றம். தார்ப்பாயில் குவித்து விற்பது நின்றபாடில்லை.

ஹாரன் கேட்காது, பக்கவாட்டில் வருகிறவன் தெரியமாட்டான் என்பது மற்றொரு மறுப்பு. அமெரிக்காவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில் ஐம்பது பேரை ஹெல்மெட்டோடும் இல்லாமலும் ஓட்டச் சொல்லிச் சோதித்தார்கள். தடம் மாறும்போது தலையைச் சற்றே அதிகம் திருப்பிப் பார்த்தார்கள். காது கேட்பதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. காற்றிரைச்சல் காதை அடைக்கும் அளவுக்கு முன்னால் ஹெல்மெட் அடைப்பது ஒன்றுமேயில்லை. பார்வைக்கு, நேர் முன்னிருந்து இரு பக்கமும் 105 டிகிரி தெரிய வேண்டும் என்று அமெரிக்க விதியே கேட்கிறது. கழுத்து ஒடியும் என்ற பழைய பயத்துக்கும் பதில் இருக்கிறது: 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகளை அலசியதில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கழுத்தெலும்புக் காயம் 22 சதவீதம் குறைவாகவே இருந்தது.

மூக்குக்கண்ணாடிக்காரர்களின் சங்கடம் வேறு. கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, மறுபடி கண்ணாடியைச் செருகுவது தினம் நான்கு முறை என்றால் யாருக்கும் அலுக்கும். தாடைப் பகுதியைத் தூக்கிவிடும் மாடுலர் அவர்களுக்கு வசதி. ஆனால் அதன் பாதுகாப்பு முழுவதும் ஒரு கொக்கியில் தொங்குகிறது. ஐரோப்பிய முத்திரை உள்ளதென்றால் லேபிளில் ‘பி/ஜே’ என்றிருக்கிறதா என்று பாருங்கள், மூடிய நிலையில் தாடைப்பகுதியும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். ‘என்பி’ என்றிருந்தால் அந்தத் தாடை காற்றைத் தடுக்க மட்டுமே. நம்மூர் ஃபுல் ஃபேஸிலும் எல்லாத் தாடையும் ஒன்றல்ல. துணிக்கு உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட்டால் சரி. வெறும் பஞ்சும் அதற்குப் பின்னால் வெற்றுப் பிளாஸ்டிக்கும் என்றால் நீங்கள் காசு கொடுப்பது தோற்றத்துக்கு.

எந்த வகையானாலும் தலையில் பொருந்தாவிட்டால் பயனில்லை. கொண்டையும் பூவும் வைத்துக்கொண்டு மாட்டினால் ஹெல்மெட் மேலே ஏறி நிற்கும், நெற்றி திறந்துகொள்ளும். பின்னலைக் கழுத்துக்குத் தாழ்த்திக் கட்டுவதுதான் வழி. வாரைக் கட்டியபின் பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்களுக்கானதல்ல. கன்னப் பஞ்சு முதலில் கன்னத்தை நெருக்கத்தான் செய்யும், பழகப் பழகத் தளரும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடம் கழற்றாமல் நில்லுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் மட்டும் வலி எடுத்தால் அந்த மாடலின் உள்வடிவம் உங்கள் தலையோடு ஒத்துப்போகவில்லை. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் ஆட்டம்தான் கூடும், வேறு மாடலைக் கேளுங்கள்.