குடும்பத்துக்கு வேன் வாங்கலாமா? நன்மையும் சுமையும்



நம் குழுக்களில் கடன் கேட்கும் காரணங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. கறவை மாடு, பெட்டிக்கடை, பிள்ளைகள் படிப்பு என்று கேட்டது போக, இப்போது வேன் வாங்கவும் கடன் கேட்கிறோம். "பழைய ஆம்னி ஒண்ணு விலைக்கு வருது. வாங்கிப் போட்டா குடும்பத்துக்கும் ஆச்சு, வாடகைக்கும் ஆச்சு" என்ற பேச்சு பல கூட்டங்களில் கேட்கிறது. இது தப்பான ஆசை இல்லை. ஆனால் வண்டியின் சாவி ஒரு கையில் இருக்கும், கடன் புத்தகம் இன்னொரு கையில் இருக்கும். அதனால் கையெழுத்துப் போடும் முன் நாம் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வேன் என்றால் எது?

1984-ல் 'மாருதி வேன்' வந்தது. 1988 முதல் அதற்கு 'ஆம்னி' என்று பெயர். சினிமாவில் ஆள் கடத்த வருவதும் அதுதான், ஊரில் பிரசவத்துக்குக் கூட்டிப் போவதும் அதுதான். 796 சி.சி. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். ஏர்பேக், மோதல் சோதனை போன்ற பாதுகாப்பு விதிகள் கட்டாயமானபோது, 2019-ல் ஆம்னி உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று விலைக்கு வரும் ஆம்னி எல்லாமே பழைய வண்டிதான். 2010-ல் வந்த ஈக்கோவும் இதே குடும்பம்தான். டாடா விங்கர், டெம்போ டிராவலர் போன்றவை இன்னும் பெரியவை. அவை பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றவும் வரும். இங்கே நாம் பேசுவது, பெரும்பாலும் நம் வீடுகளுக்கு வரும் சிறிய வேன்களைப் பற்றி.

நன்மைகள்

* கணவன், மனைவி, பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம். இரண்டு பைக்கில் நாலு நாலு பேராக உட்கார்ந்து போவதை விட இது நல்லது.
* கதவு பக்கவாட்டில் தள்ளித் திறக்கும். உள்ளே நிமிர்ந்து உட்காரலாம். முழங்கால் வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஏறி இறங்கச் சுலபம்.
* பின் சீட்டை மடக்கினால் காய்கறி மூட்டை, சந்தைச் சரக்கு, சமையல் பாத்திரம் ஏற்றலாம். சிற்றுண்டி, மசாலாப் பொடி, துணி வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கு இது பெரிய உதவி.
* இரவு நேரத்தில் பஸ் இல்லாத ஊரில் ஆத்திர அவசரத்துக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம்.

சுமைகள்

* ஆம்னிக்கு முன்பக்கம் நீளமான மூக்கு கிடையாது. நேராக மோதினால் அடி தாங்க நடுவில் ஒன்றும் இல்லை. முன் சீட்டில் இருப்பவர் காலுக்குத்தான் முதல் அடி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காரவே கூடாது.
* உயரமான, ஒடுக்கமான வண்டி. கூரை மேல் மூட்டை கட்டி, உள்ளே ஆளையும் நிரப்பினால் வளைவில் சாயும். பாரம் கூடக் கூட பிரேக் பிடித்தும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும்.
* 'இடம் இருக்குதே' என்று ஏழு சீட் வண்டியில் பதினான்கு பேர் ஏறுவது நம் பழக்கம். 2019 சட்டத் திருத்தத்தின்படி வாடகை வண்டியில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். அபராதம் கட்டிவிடலாம், உயிரை என்ன செய்வது?
* பெட்ரோல் செலவுக்குப் பயந்து சிலர் வீட்டுச் சமையல் சிலிண்டரில் வண்டி ஓட்டுகிறார்கள். இது குற்றம், உயிருக்கும் ஆபத்து. கேஸில் ஓடும் வண்டி என்றால் அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தி, அது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகி இருக்க வேண்டும். விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

வாங்க, கணக்குப் போடுவோம்

4,00,000 ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 'ஃபிளாட்' வட்டி என்றால் கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறோம். வட்டி மட்டும் 2,00,000 ரூபாய். மாதத் தவணை 10,000 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறை என்றால் தவணை சுமார் 8,500 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1,10,000 ரூபாய். இரண்டிலும் சொல்வது '10 சதவீதம்'தான். வித்தியாசமோ 90,000 ரூபாய்! எந்த முறை வட்டி என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது ஒரு வருஷச் செலவைப் பார்ப்போம். குறைந்த தவணையையே எடுத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 1,02,000 ரூபாய். காப்பீடு, சர்வீஸ், டயர், ரிப்பேர் என்று 25,000 சேர்த்தால் 1,27,000 ரூபாய். இதில் பெட்ரோல் சேரவில்லை.

கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில், ஆஸ்பத்திரி என்று குடும்பமாகக் கிளம்புவது வருஷத்துக்கு 20 நாள் என்றால், ஒரு நாளைக்கு 6,350 ரூபாய் ஆகிறது. அதே 20 நாளும் டிரைவர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்கு வாடகை வண்டி எடுத்தால் 70,000 ரூபாயில் முடிந்துவிடும். 5 வருஷம் கழித்து வண்டி நம்மிடம் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் அதன் விலையும் இறங்கியிருக்கும்.

அதே வண்டி தொழிலுக்காக மாதம் 15 நாள் ஓடினால் ஒரு நாள் செலவு 700 ரூபாய்க்குச் சற்று மேல்தான். அப்போது கணக்கு மாறுகிறது. எத்தனை பேர் உட்காரலாம் என்பதோடு, வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்றும் கேளுங்கள். பத்து நாள் தேவைக்காக 365 நாள் கடன் கட்ட வேண்டாம். (வாடகை உங்கள் ஊரில் எவ்வளவோ அதைப் போட்டுப் பாருங்கள்.)

வெள்ளை போர்டில் வாடகை ஓட்டலாமா?

கூடாது. வெள்ளை நம்பர் பிளேட் சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஆள் ஏற்றிக் காசு வாங்க மஞ்சள் நம்பர் பிளேட்டும் பர்மிட்டும் வேண்டும். எஃப்.சி. தனியாக எடுக்க வேண்டும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதன்பின் வருஷா வருஷம். காப்பீட்டுத் தொகையும் கூடும். இந்தச் செலவையும் மேலே போட்ட கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சொந்தக்காரங்கதானே, டீசல் காசு மாதிரி ஏதோ குடுத்தாங்க" என்று சமாளிக்கப் பார்ப்போம். ஆனால் வழியில் விபத்து நடந்தால், வாடகைக்கு ஓட்டியதைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈட்டை மறுக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'மூன்றாம் நபர்' காப்பீடு மட்டும் எடுத்தால், சொந்த வண்டிக்குள் இருக்கும் நம் ஆட்களுக்கு நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். 'பேக்கேஜ்' பாலிசி எடுங்கள். ஓட்டுபவருக்கும் பயணிகளுக்கும் விபத்துக் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கடன் யார் பெயரில்? வண்டி யார் பெயரில்?

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். குழு மூலமாகக் கடன் வாங்குவது பெண். வண்டி பதிவாவது கணவர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ. வாடகைப் பணம் போவது ஓட்டுபவர் சட்டைப் பைக்கு. தவணை தேதி வந்தால் மட்டும் மறுபடி பெண்ணைத் தேடுகிறார்கள். அவர் கட்ட முடியாமல் நின்றால் மற்ற உறுப்பினர்களின் சேமிப்புக்கும் குழுவின் பெயருக்கும் பாதிப்பு. அதனால் கடன் எந்தப் பெயரிலோ, ஆர்.சி.யும் அந்தப் பெயரில் இருப்பதே நியாயம். 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயரையும் பதிய முடிகிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பெயர் நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதுதான். காப்பீடு இல்லாமல் வண்டி மோதினால் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வருவது ஆர்.சி.யில் உள்ளவருக்கு. பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டினால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டால், பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே லைசென்ஸ் இல்லாதவர் கையில் சாவி கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் நம் கையில் இருக்க வேண்டும். முடிந்தால் நாமே ஓட்டக் கற்றுக்கொள்வோம்.

பழைய வண்டி வாங்குவோர் பார்க்க வேண்டியவை

1. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப்போகிறதா?
2. ஃபைனான்ஸ் பாக்கி உண்டா? இருந்தால் முடித்து, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி.யில் அதை நீக்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள்.
3. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணமும் கூடிவிட்டது.
4. காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.
5. விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அடித்தளத் தகடு துருப்பிடித்திருக்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* இந்த வண்டி வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? தொழிலுக்கு எத்தனை நாள், குடும்பத்துக்கு எத்தனை நாள்?
* ஒரு மாதம் வண்டி ஓடாமல் நின்றால் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?
* ஆர்.சி. யார் பெயரில்? வரவு செலவு நோட்டு யாரிடம்?
* நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாடகை வண்டியை ஏற்பாடு செய்தால் போதாதா? 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, நம் தனிப் பயணச் செலவு எவ்வளவு குறைந்திருக்கிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கடனை முடிவு செய்யுங்கள். கணக்கு ஒத்து வந்தால் தைரியமாக வாங்குங்கள், பெருமையாக ஏறிப் போங்கள். ஒத்து வராவிட்டால் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்ல ஊக்குநரும் உறுப்பினர்களும் தயங்க வேண்டாம். அப்படிச் சொல்வதும் அந்தச் சகோதரிக்கு நாம் செய்யும் உதவிதான்.