மின்சாரப் புகைப்பெட்டியும் அதன் பழுதுகளும்

ஊனையும் மீனையும் புகையிலிட்டுப் பதப்படுத்தும் வழக்கம் மிகத் தொன்மையானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று பல இல்லங்களின் புறக்கடையில் இதற்கென மின்சாரத்தால் இயங்கும் பெட்டி ஒன்று இருக்கக் காணலாம். அந்நாட்டார் அதனை ஸ்மோக்கர் என்பர். நாம் மின்சாரப் புகைப்பெட்டி என்போம். அக்கருவி பழுதுற்றவிடத்துக் காரணத்தை எங்ஙனம் நாடியறிதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அப்பெட்டி இல்லாதார்க்கு இதனால் யாது பயன் எனின், வகுப்பில் நாம் ஏட்டளவிற் பயிலும் மின்சார விதிகள் இங்கே நடைமுறையிற் காணக் கிடக்கின்றன; இங்குக் கூறும் முறை இஸ்திரிப்பெட்டி முதலிய வெப்பமூட்டும் கருவிகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

கருவியின் அமைப்பு

இப்பெட்டி வெப்பம் வெளியேறாதவாறு அமைந்த இரட்டைச் சுவரினை உடையது. அடியில் வெப்பக்குழாய் ஒன்று வளைந்து கிடக்கும். அதன்மேல் ஒரு தட்டில் மரச்சீவல்கள் இடப்பெறும். அவை சுடர்விட்டு எரியாமல் கனன்று புகையும். மேலுள்ள கம்பித்தட்டுகளில் இறைச்சி பல மணி நேரம் மெல்ல வேகும்.

வெப்பக்குழாயின் உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பிச்சுருள். நிக்கலும் குரோமியமும் கலந்த இவ்வகை உலோகத்திற்கு ஆல்பர்ட் மார்ஷ் என்பார் 1906-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். செந்நிறமாய்க் காய்ந்தபோதும் இஃது எளிதில் துருவேறி அழியாது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஆக்ஸைடு என்னும் வெண்பொடி செறிக்கப்பட்டிருக்கும். அப்பொடி வெப்பத்தை நன்கு கடத்தும், மின்சாரத்தையோ கடத்தாது. சுவரிலுள்ள ஸாக்கெட்டிலிருந்து மின்னோட்டம் பிளக், கட்டுப்பாட்டுப் பலகை, அதிலுள்ள ரிலே, மிகைவெப்பத்தில் தானே துண்டிக்கும் காப்புச் சுவிட்சு ஆகியவற்றைக் கடந்து வெப்பக்குழாயை அடைந்து மீளும். இவ்வழியில் எங்கேனும் ஓரிடம் அற்றாலும் வெப்பம் நின்றுவிடும்.

கணக்கு கூறும் செய்தி

அமெரிக்க இல்லங்களில் வழங்கும் அழுத்தம் 120 வோல்ட். 800 வாட் ஆற்றலுடைய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 800-ஐ 120-ஆல் வகுக்க மின்னோட்டம் ஏறக்குறைய 6.7 ஆம்பியர் ஆகும். ஓம் விதிப்படி குழாயின் தடை 18 ஓம். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையின் தடை சூடேறுங்கால் பன்மடங்கு மிகும். நிக்ரோமின் தடையோ சிறிதே மாறும். ஆகவே குளிர்ந்த நிலையில் அளந்தாலும் 18-ஐ ஒட்டிய எண்ணே வருதல் வேண்டும். பழுது நாடுவார்க்கு இவ்வோர் எண் பெருந்துணையாகும்.

பழுது நாடும் முறை

அளவைகள் யாவற்றையும் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டி ஆறியபின்னரே செய்தல் வேண்டும். மின்சாரம் பாயும்போது அளக்க வேண்டுவனவற்றைத் தொழில் கற்றாரிடம் விடுக.

முதலாவது, பெட்டியில் யாதோர் ஒளியும் தோன்றாதாயின் பெட்டியைத் திறவற்க. அதே ஸாக்கெட்டில் ஒரு விளக்கை மாட்டிப் பார்க்க. விளக்கும் எரியாதாயின் பழுது வீட்டு இணைப்பிலேயே உள்ளது. விளக்கு எரியுமாயின் பெட்டியின் பிளக்கையும் கம்பியையும் சோதிக்க.

இரண்டாவது, எண்பலகை ஒளிர்ந்தும் வெப்பம் தோன்றாதாயின், பின்புறத்து மூடியைக் கழற்றி வெப்பக்குழாயின் முனைகளை நோக்குக. ஒரு முனையின் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் தடையை அளக்க. 18 ஓம் காட்டின் குழாய் நலமே. முடிவிலாத் தடை காட்டின் உட்கம்பி அற்றது. குழாய் நலமாயின் காப்புச் சுவிட்சையும் அவ்வாறே அளக்க. அது நலமாயின் ஏறக்குறையச் சுழியம் காட்டும். இரண்டும் நலமெனின் ஐயம் ரிலேயின்மேற் செல்லும். ரிலேயின் முனைகள் தம்முள் ஒட்டிக்கொண்டால், இதற்கு மாறாக, வெப்பம் அடங்காது ஏறும்.

ஆயினும் அடிக்கடி நேரும் பழுது முனைகளிலுள்ள இணைப்புக் கவ்விகளிலேயே காணப்படும். புகையும் ஈரமும் கொழுப்பும் பட்டு அவை கறுத்துத் தளரும். ஒரு கவ்வியில் 1 ஓம் தடை உண்டாயிற்று எனக் கொள்வோம். மொத்தத் தடை 19 ஓம், மின்னோட்டம் 6.3 ஆம்பியர். ஜூல் விதிப்படி அக்கவ்வியில் மட்டும் ஏறக்குறைய 40 வாட் வெப்பம் பிறக்கும். இஃது ஒரு பற்றவைக்கும் கோலின் வெப்பத்தை ஒப்பது. பட்டாணியளவான இடத்தில் இத்துணை வெப்பம் தங்கின் கவ்வி கருகும். கருகவே தடை மிகும். தடை மிகவே மேலும் கருகும். ஆகவே கருகிய கவ்வியை நெருக்கி மாட்டி அமைதல் போதாது. அதனை வெட்டி நீக்கி, கம்பியின் தூய பகுதியில் மிகுவெப்பம் தாங்கும் புதிய கவ்வியை இறுகப் பொருத்துதல் வேண்டும்.

காவலனைப் பகையாதே

மூன்றாவது பழுது, பெட்டியை மாட்டியவுடனோ சில நிமிடங்கள் கழித்தோ வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் மின்சாரத்தை நிறுத்திவிடுதல். இத்துண்டிப்பானை 1961-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் என்பார் அமைத்தார். செல்லும் மின்னோட்டத்தையும் மீளும் மின்னோட்டத்தையும் இது இடையறாது ஒப்பிட்டு நிற்கும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு வழியே, ஒருவேளை மனித உடல் வழியே, நிலத்திற்குச் செல்கிறதெனக் கொண்டு கணத்திற் துண்டிக்கும். நம் பெட்டியின் மின்னோட்டத்தில் இஃது ஏறக்குறைய 1,300-இல் ஒரு பங்கே.

மழையிலும் பனியிலும் நெடுநாள் கிடந்த பெட்டியில், மேற்கூறிய வெண்பொடி குழாயின் முனைவழியே ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரத்தின் வழியே மின்சாரம் உலோக உறைக்குக் கசியும். சாதாரண மல்டிமீட்டர் இக்கசிவைக் காட்டாமலும் போகலாம். உயர்ந்த அழுத்தத்தில் அளக்கும் மெக்கர் என்னும் கருவி காட்டும். குழாயைக் கழற்றி மிதமான சூட்டில் உலர்த்தின் ஈரம் நீங்குதல் உண்டு. நீங்காதாயின் குழாயையே மாற்றுக.

இவ்விடத்தே சிலர் பெரும்பிழை செய்வர். துண்டிப்பான் இல்லாத ஸாக்கெட்டைத் தேடி மாட்டுவர். அன்றி நிலத்தொடர்பு முனையை ஒடித்துவிடுவர். பெட்டி அப்பொழுது இயங்கும். ஆனால் நிலத்தொடர்பு அற்ற அதன் உலோகச் சுவரை ஈரக்கையால் தொடுவோர் உயிருக்கு உறுதியில்லை. காப்புச் சுவிட்சைக் கம்பியால் இணைத்து மறைப்பதும் அத்தகையதே. அது தீயை அழைப்பதாகும்.

உணவின் நிலை

பழுதை நாடும் ஆர்வத்தில் பெட்டியுள் இருக்கும் இறைச்சியை மறத்தலாகாது. 4 பாகையிலிருந்து 60 பாகை சென்டிகிரேடு வரையுள்ள வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகுமென்றும், அந்நிலையில் உணவை 2 மணி நேரத்திற்குமேல் விடலாகாதென்றும் அமெரிக்க வேளாண்மைத் துறையார் அறிவுறுத்துகின்றனர். பெட்டி நின்றது உடனே தெரிந்தால் இறைச்சியை வேறு அடுப்பிலிட்டு வேகவைக்க. நின்ற நேரம் தெரியாதாயின் அதனை எறிந்துவிடுதலே அறிவுடைமை. புகைமணம் இருப்பதனால் உணவு கெடவில்லை எனக் கருதுதல் தவறு.

முடிவுரை

பழுதுற்ற கருவியின் முன்னே ஊகத்தால் ஒவ்வோர் உறுப்பாக வாங்கி மாற்றுவோர் பொருளை இழப்பர். மின்னோட்டம் செல்லும் வழியே தாமும் படிப்படியாகச் சென்று, ஒவ்வோரிடத்தும் அளந்து, அளவு கூறுவதனை ஏற்போர் பழுதைக் காண்பர். நின்றுபோன கருவி நமக்கு ஏதோ உரைக்கின்றது. அதன் வாயை அடைத்து இயங்கச் செய்வது திறமையன்று. அது கூறுவதைக் கேட்டறிந்து குறை தீர்ப்பதே கல்வியின் பயனாம்.