ஒரே உழவு இயந்திரம், ஊருக்கு ஊர் வேறு விலை: வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்

காணி துப்பரவாக்கி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து முடிந்ததும் உங்களில் பலர் அடுத்து நினைப்பது உழவைப் பற்றித்தான். இடம்பெயர்ந்தபோது விட்டு வந்த உழவு இயந்திரம் திரும்பக் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் ஓடக்கூடிய நிலையில் இல்லை. மழைக்கு முன் உழவேண்டும். ஊரில் இருக்கும் ஒன்றிரண்டு இயந்திரங்களுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் சில குடும்பங்கள் சேமிப்பையும் நகையையும் சேர்த்துப் புதிய இயந்திரம் வாங்க நினைக்கின்றன. இன்னும் சில குடும்பங்கள் லீசிங் எடுக்க நினைக்கின்றன.

கிளிநொச்சி முகவர் ஒரு விலை சொல்கிறார். அநுராதபுரத்து முகவர் அதே இயந்திரத்துக்கு வேறு விலை சொல்கிறார். கொழும்பில் இன்னும் குறைவு என்கிறார் ஊரில் ஒருவர். யாரை நம்புவது? உங்கள் வீட்டு முற்றத்துக்கு இயந்திரம் வந்து நிற்கும்போது உண்மையில் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்க இந்தப் பாடம் உதவும்.

விலை ஏன் மாறுகிறது?

நாம் வாங்கும் உழவு இயந்திரங்கள் இந்தியா, ஜப்பான், சீனா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வருகின்றன. அங்கிருந்து தொலைவு கூடக் கூட லொறிச் செலவும் கூடும். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இதுவே முதற்காரணம். ஆனால் விலை வேறுபாடு முழுவதும் இதனால் வருவதில்லை.

போட்டி இரண்டாவது காரணம். பல கம்பனிகளின் முகவர்கள் அருகருகே கடை வைத்திருக்கும் நகரத்தில் ஒருவர் விலையை மற்றவர் குறைக்கப் பார்ப்பார். ஒரே ஒரு முகவர் இருக்கும் இடத்தில் அவர் குறைக்கவேண்டிய தேவை இல்லை.

காலம் மூன்றாவது காரணம். பெரும்போக உழவுக்கு முன், புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள். அப்போது கழிவு கிடைப்பது அரிது. உழவு முடிந்து தேவை குறைந்த மாதங்களில் பேசி விலை குறைக்கலாம். வரவு செலவுத் திட்டத்தில் இறக்குமதி வரி மாறினாலும், டொலரின் பெறுமதி ஏறினாலும் புதிதாக வரும் இயந்திரங்களின் விலை மாறும். ஆகவே போன மாதம் அயலவர் வாங்கிய விலையை வைத்து இன்றைய விலையை அளக்கவேண்டாம்.

நான்காவது காரணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு முகவர் சொல்லும் விலையில் கலப்பை, பதிவுச் செலவு, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் கூலி எல்லாம் அடங்கியிருக்கும். மற்றவர் சொல்வது வெறும் இயந்திரத்தின் விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்து “இது மலிவு” என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கு

கிளிநொச்சியில் மீள்குடியேறிய ஒரு குடும்பம் நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வாங்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஒரே வலு. மூன்று இடங்களில் விலை கேட்கிறார்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பார்க்கும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. இன்றைய விலைகளை நீங்களே கேட்டு அந்த இடங்களில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொழும்பு:
இயந்திரம் 1,200,000 ரூபா
லொறிக் கூலி 35,000
இருவர் இரண்டு முறை போய்வரும் செலவு 8,000
பதிவுச் செலவு 12,000
கலப்பை 75,000
முதல் மூன்று சேவைகளுக்குத் திருத்துநர் வந்து போகும் செலவு 15,000
மொத்தம் 1,345,000 ரூபா

அநுராதபுரம்:
இயந்திரம், பதிவுடன் 1,225,000 ரூபா
லொறிக் கூலி 14,000
போய்வரும் செலவு 3,000
கலப்பை 75,000
திருத்துநர் செலவு 6,000
மொத்தம் 1,323,000 ரூபா

கிளிநொச்சி:
இயந்திரம், பதிவு, கலப்பை, வீட்டில் இறக்கும் கூலி, முதல் மூன்று சேவைகள் எல்லாம் சேர்த்து 1,310,000 ரூபா
மொத்தம் 1,310,000 ரூபா

கேட்ட விலையில் கொழும்பு 110,000 ரூபா மலிவு. முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது கொழும்பே 35,000 ரூபா கூட.

அப்படியானால் எப்போதும் ஊர் முகவரிடமே வாங்குவதா? அதுவும் இல்லை. இந்தக் குடும்பத்திடம் பழைய கலப்பை ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது என்று வையுங்கள். புதிய கலப்பை தேவையில்லை. அப்போது கொழும்புக் கணக்கு 1,270,000, அநுராதபுரக் கணக்கு 1,248,000. கிளிநொச்சி முகவர் கலப்பையின் விலையைக் கழிக்க மறுத்தால் அவருடைய விலை 1,310,000 ஆகவே நிற்கும். இப்போது அநுராதபுரம் 62,000 ரூபா மலிவு. கழித்துத் தரச் சம்மதித்தால் அவருடைய விலை 1,235,000 ஆகும். மறுபடியும் ஊர் முகவரே மலிவு.

எந்த ஊரும் எப்போதும் மலிவும் அல்ல, எப்போதும் விலை கூடியதும் அல்ல. உங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று முதலில் எழுதிக்கொண்டு போனால்தான் பேரம் பேச முடியும்.

அயலில் இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் வாங்கினால் பெரிய லொறி ஒன்றில் இரண்டையும் ஏற்றிக் கூலியைப் பங்கிடலாம். சேர்ந்து போய்க் கேட்பவர்களுக்கு முகவரும் கழிவு தர முன்வருவார். உங்கள் கமக்காரர் அமைப்பில் இதைப் பற்றிக் கதையுங்கள்.

லொறிக் கூலியை மிச்சம் பிடிக்கப் புதிய இயந்திரத்தை வெளியூரிலிருந்து வீதியால் ஓட்டிக்கொண்டு வரவேண்டாம். பதிவும் காப்புறுதியும் இல்லாத வாகனத்தை வீதியில் ஓட்டுவது குற்றம். விபத்து நடந்தால் முழுப் பொறுப்பும் உங்களுடையதே.

விலைக்கு வெளியே இருக்கும் விலை

நடு உழவில் இயந்திரம் நின்றுவிட்டால் உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? திருத்துநர் அன்றே வருவாரா, ஒரு கிழமை கழித்து வருவாரா? ஈரம் இருக்கும் நாட்களில் ஒரு கிழமை போனால் விதைப்புக் காலமே தவறிவிடும். அந்த இழப்பு எந்த விலைப் பட்டியலிலும் இருக்காது. ஆகவே அந்த வகை இயந்திரத்தை ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் உதிரிப்பாகம் எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

வெளி மாவட்டத்தில் வாங்கினால் உத்தரவாதக் காலச் சேவையை உங்கள் மாவட்ட முகவர் செய்து தருவாரா என்று கேளுங்கள். “ஓம், செய்வார்கள்” என்ற வாய்ச்சொல் போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

மிக மலிவாக ஒன்று கிடைத்தால் அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பாருங்கள். இயந்திரத்தில் பொருத்தப்பட்ட தகட்டில் அது இருக்கும். ரயரின் பக்கத்திலும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் ஆண்டு. 3210 என்றால் 2010ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை. இரண்டு மூன்று வருடம் வெயிலில் நின்ற இயந்திரம் ஓடாதது என்பதால் மட்டும் புதியது ஆகிவிடாது. அப்படியானால் விலையை இன்னும் குறைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

லீசிங் எடுப்பவர்கள் கவனிக்க

சில முகவர்கள் இயந்திரத்தின் விலையைக் குறைத்துக் காட்டி, குறிப்பிட்ட ஒரு கம்பனியிலேயே லீசிங் எடுக்கவேண்டும் என்பார்கள். அப்போது இயந்திரத்தின் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. கட்டி முடிக்கும்வரை மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

800,000 ரூபாவை நான்கு வருடத்துக்கு, “வருடம் 12 வீதம்” என்று தருகிறார்கள் என்று வைப்போம். முழுத் தொகைக்கும் நான்கு வருடமும் வட்டி போட்டால் வட்டி 384,000 ரூபா. மொத்தம் 1,184,000. மாதத் தவணை ஏறத்தாழ 24,670 ரூபா. நீங்கள் மாதம் மாதம் கடனைக் குறைத்துக்கொண்டு வந்தாலும் வட்டி குறையாது. குறைந்துவரும் மிகுதிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது வருடம் ஏறத்தாழ 21 வீதத்துக்குச் சமம். ஆகவே “வட்டி முழுத் தொகைக்கா, குறையும் மிகுதிக்கா?” என்று கட்டாயம் கேளுங்கள். வங்கியிலும் கேட்டு ஒப்பிடுங்கள்.

நெல்லுக் காசு மாதாமாதம் வருவதில்லை, போகத்துக்கு ஒருமுறைதான் வரும். அறுவடையை ஒட்டித் தவணை கட்டும் ஒழுங்கு உண்டா என்றும் கேளுங்கள். தவணை தவறினால் இயந்திரத்தை எடுத்துச் செல்ல முடியும். பிணை நின்ற உறவினரிடமும் அறவிட முடியும். கூலி உழவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் கையொப்பமிடவேண்டாம். உங்கள் ஊரில் இவ்வருடம் எத்தனை இயந்திரங்கள் புதிதாக வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரங்கள் கூடினால் கூலி உழவு பங்கு போய்விடும்.

இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் செய்பவர்களுக்கு இரண்டு சில்லு இயந்திரம் போதுமா, அல்லது கூலிக்கு உழுவிப்பதே இலாபமா என்பதையும் இந்தக் கட்டத்தில் யோசியுங்கள்.

காசு கொடுக்கும்போது

1. குறைந்தது மூன்று முகவர்களிடம் எழுத்தில் விலை பெறுங்கள். மாதிரி, வலு, செய்த ஆண்டு, வரி சேர்த்ததா இல்லையா, எந்தத் திகதிவரை அந்த விலை செல்லும் என்பன அதில் இருக்கவேண்டும்.

2. ஊருக்கு வரும் தரகரிடம் முற்பணம் கொடுக்கவேண்டாம். முகவரின் கடையில் அல்லது அவருடைய வங்கிக் கணக்கில் கட்டி, அச்சிட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள்.

3. பற்றுச்சீட்டில் இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் எழுதப்பட்டிருக்கவேண்டும். இயந்திரத்தில் பொறித்திருப்பதுடன் நீங்களே ஒத்துப் பாருங்கள். பெட்டியும் வாங்கினால் அதற்கும் தனிப் பதிவு உண்டு.

4. உங்களுக்கு வாசிக்க முடியாத மொழியில் உள்ள பத்திரத்தில் கையொப்பமிடவேண்டாம். தமிழில் தரும்படி கேளுங்கள். இல்லையெனில் நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு முழுவதையும் வாசித்துக் கேளுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடவேண்டாம்.

5. யாருடைய காசில் வாங்குகிறீர்களோ அவருடைய பெயரில் பதியுங்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இதில் மிகவும் கவனமாக இருங்கள். “ஆம்பிளையின் பெயரில் இருந்தால் வேலை சுகம்” என்று சொல்லி அண்ணனோ மைத்துனரோ தன் பெயரில் பதிந்தால், சட்டத்தின் முன் இயந்திரம் அவருடையதாகிவிடும்.

6. எல்லாப் பத்திரங்களையும் இரண்டு படப்பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சொன்னபடி பொருள் தரவில்லை, பற்றுச்சீட்டு மறுக்கப்பட்டது போன்ற முறைப்பாடுகளை நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் கொடுக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது. லீசிங் உடன்படிக்கையில் சிக்கல் வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

உழவு தொடங்கும் முன் ஒரு சொல்

புதிய இயந்திரம் வந்த மகிழ்ச்சியில், கண்ணிவெடி அகற்றி முடிந்ததாகக் கையளிக்கப்படாத காணிக்குள் கலப்பையை இறக்கவேண்டாம். வரம்புக்கு அப்பால் கொஞ்சம்தானே என்று நினைக்கவேண்டாம். மனிதர் நடந்துபோன நிலத்திலும் கலப்பை ஆழமாகப் போகும்போது வெடிபொருள் கிளம்பலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த சுவட்டாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

கூடிக் கதைக்க

உங்கள் கிராமக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எடுத்துப் பாருங்கள்:

நம் ஊரில் கடைசியாக வாங்கிய இயந்திரங்களுக்கு யார், எங்கே, எவ்வளவு கொடுத்தார்கள்? அந்த விலையில் என்னென்ன அடங்கியிருந்தன? பழுதானபோது திருத்துநர் எத்தனை நாளில் வந்தார்? அடுத்த போகத்துக்கு முன் சேர்ந்து வாங்க விரும்பும் குடும்பங்கள் எத்தனை?

பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முகவரிடம் போகும்போது அதையும் கொண்டுபோங்கள். ஊரிலுள்ள மற்றவர்கள் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும் என்று கண்டால் அவரும் யோசித்துத்தான் விலை சொல்வார்.