செரிக்கவில்லை என்றால் என்ஸைம் குறைவா?

செரிமானம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இரைப்பை - குடல் நோய் மருத்துவரின் பதில்கள்.

கேள்வி: எனக்கு வயது 46. மதியம் சாப்பிட்டு எழுந்தால் மேல்வயிறு கனத்துப்போகிறது. ஏப்பம் வந்துகொண்டே இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னேன். ‘உங்களுக்கு என்ஸைம் கம்மி’ என்று ஒரு சிரப் கொடுத்தார்கள். ஆறு மாதமாகக் குடிக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரையும் போடுகிறேன். நிறுத்தினால் சாப்பாடே செரிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ஸைம் என்றால் என்ன டாக்டர்? எனக்கு அது நிஜமாகவே குறைந்துவிட்டதா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், சகோதரி. நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகளை மட்டும் வைத்து யாருக்கும் என்ஸைம் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

சோறோ பருப்போ எண்ணெயோ, எதையும் நம் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வதில்லை. மாவுச்சத்து குளுக்கோஸாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் உடைந்த பிறகே குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும். உடைக்கும் வேலையைச் செய்கிற புரதங்கள்தான் என்ஸைம்கள். பள்ளியில் ‘நொதிகள்’ என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் எண்ணெயைத் தொடாது. கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் புரதத்தின் பக்கம் போகாது. ஒரு மூலக்கூறை உடைத்து முடித்ததும் தான் மாறாமல் அடுத்ததற்குப் போய்விடும் என்பதால் கொஞ்சம் இருந்தாலே நிறைய வேலை நடக்கும்.

இன்று சாப்பிடும்போது ஒன்று செய்து பாருங்கள். குழம்பு ஊற்றாமல் ஒரு வாய் வெறும் சோற்றைப் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாக இனிப்பு தட்டும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ், மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது.

அடுத்தது இரைப்பை. அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் பெப்சின் வேலை செய்யும். புரதத்தை அது துண்டாக்கித் தருகிறது. ஆனால் செரிமானத்தின் பெரும்பகுதி நடப்பது இரைப்பையில் அல்ல, சிறுகுடலில். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த கூழ் சிறுகுடலுக்குள் இறங்கியதும் குடல் சுவர் செக்ரெட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து கணையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1902-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதகுலம் அறிந்த முதல் ஹார்மோனே இதுதான். செய்தி கிடைத்ததும் கணையம் பைகார்பனேட் கலந்த நீரை அனுப்பி அமிலத்தைத் தணிக்கிறது. கூழில் உள்ள கொழுப்பும் புரதமும் இன்னொரு ஹார்மோனைத் தூண்ட, அமைலேஸ், லிப்பேஸ், டிரிப்சின் மூன்றும் வந்து சேர்கின்றன. பித்தப்பையும் சுருங்கிப் பித்தநீரை அனுப்புகிறது. பித்தநீர் என்ஸைம் அல்ல. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையை அது கொழுப்பிடம் செய்கிறது. கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாகச் சிதறிய பிறகே லிப்பேஸால் அதை உடைக்க முடியும். கடைசியாக, குடல் சுவரின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மால்ட்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் போன்றவை மிச்சமிருக்கும் சர்க்கரைகளை உடைத்து முடிக்கின்றன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணையம் தேவைக்கு மேல் பல மடங்கு என்ஸைம் சுரக்கும் உறுப்பு. லிப்பேஸ் சுரப்பு இயல்பான அளவில் 10 சதவிகிதத்துக்கும் கீழே போனால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேற ஆரம்பிக்கும். அப்போது மலம் வெளிறி, எண்ணெய்ப்பசையோடு, கடும் நாற்றத்தோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். செரிமான சிரப்புகள் பலவற்றில் பெப்சின் இருக்கும். அதற்கு அமிலம் வேண்டும். நீங்கள் காலையில் போடும் கேஸ் மாத்திரையோ அமிலத்தைக் குறைப்பதற்காகவே உள்ளது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும்.

உங்கள் தொந்தரவுக்கு இரைப்பை சரியாகத் தளராததும், உணவு மெதுவாகக் காலியாவதும் காரணமாக இருக்கலாம். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியோ, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையோகூடக் காரணமாகலாம். சிரப்பை நிறுத்துங்கள், அதனால் உங்கள் செரிமானம் நின்றுவிடாது. மதியச் சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்து, நிதானமாக மென்று சாப்பிடுங்கள். கேஸ் மாத்திரை தொடர வேண்டுமா என்பதை ஒரு மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். எடை குறைந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கச் சிரமம் இருந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பி செய்துவிடுங்கள்.

கேள்வி: பால் குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு இரைந்து பேதியாகிறது. தயிர் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டும் ஒரே பால்தானே?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்கு உண்மையிலேயே ஒரு என்ஸைம் குறைந்திருக்கலாம். ஆனால் அது நோயல்ல. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைப்பது லாக்டேஸ். தாய்ப்பால் குடிக்கும் வயதில் எல்லோருக்கும் அது நிறைய இருக்கும். வளர வளரக் குறைவதுதான் உலகில் பெரும்பாலான மனிதர்களின் இயல்பு. உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்துக்கொள்ளும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான்.

தயிரில் உறைமோரின் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகின்றன. மீதியை உடைக்கும் என்ஸைமும் அந்த பாக்டீரியாக்களிடமே இருக்கிறது. தயிரோடு சேர்ந்து அது உங்கள் குடலுக்கு வருகிறது. ஆகவே தயிரையும் மோரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் உண்டு. அதைத் தாங்காதவர்களும் காபியில் ஊற்றும் கொஞ்சம் பாலைத் தாங்கிக்கொள்வார்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் இருக்கின்றன.

கேள்வி: சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடித்தால் ஜீரண நீர் நீர்த்துப்போகும் என்கிறார் மாமியார். கறி சாப்பிட்டால் பப்பாளியும் அன்னாசியும் சாப்பிட வேண்டும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரைப்பை ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் நீரைச் சுரக்கிறது. குடித்த தண்ணீர் விரைவில் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். அமிலமும் தேவைக்கேற்பச் சுரக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் செரிமானத்தைக் கெடுக்காது. தாகம் எடுத்தால் குடியுங்கள்.

பப்பாளிக்காயில் பப்பைனும், அன்னாசியில் புரோமெலைனும் இருப்பது உண்மை. இரண்டும் புரதத்தை உடைப்பவை. பப்பாளிக்காயை அரைத்துத் தடவினால் முற்றிய ஆட்டுக்கறி மெத்தென்று ஆவதும், அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிவதும் இதனால்தான். ஆனால் கறியைச் செரிக்க உங்கள் உடம்பில் உள்ள பெப்சினும் டிரிப்சினுமே போதும். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் கிடைக்கும்.

கேள்வி: கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி எது சாப்பிட்டாலும் வாயு. கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இதே கதை. பரம்பரையாக என்ஸைம் குறைவா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மனிதக் குடலுக்கே இல்லாத என்ஸைம் அது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நம் யாருடைய குடலிலும் சுரப்பதில்லை. அவை பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன, மிஞ்சுவது வாயு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் குறையும். வாயுவுக்குப் பயந்து பயறை ஒதுக்கிவிடாதீர்கள். சைவச் சாப்பாட்டில் புரதத்துக்குப் பெரிய ஆதாரமே அதுதான்.

கேள்வி: என் குழந்தைக்கு நாலு மாதம். ராகிக் கூழ் கொடுக்கலாம் என்கிறார் அம்மா. செரிக்குமா?
– வாசகி, தர்மபுரி

பதில்: இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள். பிறந்த குழந்தையின் கணையத்தில் அமைலேஸ் மிகக் குறைவு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கொழுப்பைச் செரிக்க உதவும் லிப்பேஸும், ஓரளவு அமைலேஸும் தாய்ப்பாலிலேயே கலந்திருக்கின்றன.

6 மாதம் முடிந்ததும் உங்கள் அம்மா சொல்லும் ராகியையே கொடுங்கள். முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவாக இருந்தால் இன்னும் நல்லது. தானியம் முளைக்கும்போது அமைலேஸை உண்டாக்குகிறது. 1833-ல் பிரான்ஸில் பாயென், பெர்சோ என்ற வேதியியலாளர்கள் உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுத்த என்ஸைமே முளைகட்டிய பார்லியிலிருந்து வந்ததுதான். முளைகட்டிய மாவில் காய்ச்சும் கூழ் கெட்டிப்படாமல் இளகும். அதனால் தண்ணீரைக் குறைத்து மாவைக் கூட்டிக் காய்ச்சலாம். குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு வோக்லிபோஸ், கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மூன்றும் கலந்த மாத்திரை சாப்பிடுகிறேன். அன்றொரு நாள் லோ சுகராகிக் கை நடுங்கியது. சீனி கரைத்துக் குடித்தும் சீக்கிரம் சரியாகவில்லை. ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டும் குடல் சுவரில் உள்ள மால்ட்டேஸ், சுக்ரேஸ் என்ஸைம்களைத் தடுப்பவை. சாப்பிட்ட சோறு மெதுவாகக் குளுக்கோஸாவதால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது. ஆனால் நாம் வீட்டில் வைத்திருக்கும் சீனியும் சுக்ரேஸ் உடைத்தால்தான் ரத்தத்தில் சேரும். அந்த என்ஸைமை மாத்திரை தடுத்து வைத்திருக்கும்போது சீனித் தண்ணீர் வேகமாக வேலை செய்யாது.

குளுக்கோஸ் ரத்தத்தில் சேர எந்த என்ஸைமும் தேவையில்லை. கைப்பையிலும் வண்டியிலும் குளுக்கோஸ் பவுடர் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். நடுக்கமோ வியர்வையோ வந்தால் 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். லோ சுகர் வந்ததை உங்கள் டாக்டரிடம் அவசியம் தெரிவியுங்கள். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 52. மது, சிகரெட் இரண்டும் உண்டு. கணையம் வீங்கி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது எடை குறைந்துகொண்டே போகிறது. என்ஸைம் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுகிறார். முன்னேற்றம் இல்லை. கணையம் ஏன் தன்னைத்தானே அழிக்கிறது?
– வாசகி, கன்னியாகுமரி

பதில்: உங்கள் அப்பாவுக்கு என்ஸைம் குறைவு உண்மையாகவே ஏற்பட்டிருக்கிறது. அவருக்கு இந்தக் கேப்ஸ்யூல் அவசியம்.

டிரிப்சினைக் கணையம் நேரடியாகச் சுரப்பதில்லை. டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில்தான் அனுப்புகிறது. சிறுகுடலுக்குள் போனதும் குடல் சுவரில் உள்ள என்டரோகைனேஸ், அதில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுக்கிறது. அப்போதுதான் டிரிப்சின் விழிக்கிறது. விழித்த டிரிப்சின் மற்ற என்ஸைம்களையும் விழிக்க வைக்கிறது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலோ, மது கணைய செல்களைச் சிதைத்தாலோ, ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிக அதிகமானாலோ இந்தத் தொடர் கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கறியைச் செரிக்க வேண்டியது கணையத்தையே செரிக்கிறது. மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பாயும் அந்த வலியை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். மறுபடி அப்படி வலி வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கற்கள் உண்டாகி, சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதைப் பார்க்கிறோம். அவர்களில் பலரிடம், டிரிப்சினை அடக்கி வைக்கும் மரபணுவில் மாற்றம் இருக்கிறது.

கேப்ஸ்யூலை உணவோடுதான் எடுக்க வேண்டும். முதல் கவளத்தோடு ஒரு பகுதியும், சாப்பாட்டின் நடுவே மீதியுமாகப் போடச் சொல்லுங்கள். சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கிய பிறகு போகும் என்ஸைமால் பயனில்லை. கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. அமிலம் லிப்பேஸை அழித்துவிடாமல் காப்பது அவற்றின் மேல்பூச்சுதான். இது பன்றியின் கணையத்திலிருந்து தயாராகிறது; அதனால் தயக்கம் இருந்தால், நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம். அவருக்கு எடை கூட வேண்டும். கொழுப்பு செரிக்காதபோது ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது என்பதால் அவற்றின் அளவையும், ரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதுவும் சிகரெட்டும் இன்றோடு நிற்க வேண்டும். அழிந்த கணையத்தின் வேலையைக் கேப்ஸ்யூல் ஓரளவு செய்யும். மீதமிருக்கும் கணையத்தைக் காப்பாற்ற உங்கள் அப்பாவால் மட்டுமே முடியும். அதை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள்.