மாரித் தண்ணீரை மறித்து வை

வேலணை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நயினாதீவில் அம்மம்மாவின் வளவைத் துப்புரவாக்கித் தோட்டம் வைக்கப் போகிறாய் என்று கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. 1990, 91 இடப்பெயர்வுக்குப் பிறகு தீவுப்பகுதியில் எத்தனையோ வளவுகள் பற்றை பிடித்துக் கிடக்கின்றன. அதில் ஒன்றாவது திரும்பத் துளிர்க்கட்டும். இனி மார்கழி முடியும்வரை பெய்கிற மழைதான் எங்கள் கிணறுகளுக்கு ஆண்டு முழுவதற்குமான முதல். அதனால் இதை உடனே எழுதுகிறேன்.

நாற்று வாங்க ஓடாதே. முதல் வேலை மண்வெட்டியோடு. வளவைச் சுற்றி வரம்பு கட்டு. தண்ணீர் ஒழுங்கையில் இறங்கிக் கடலுக்கு ஓடுகிற பள்ளம் எதுவோ அதைப் பார்த்து மறி. புவியியல் படிப்பித்தவள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவுகள் சுண்ணக்கல். கல்லின் வெடிப்புகளுக்குள் கடல்நீர் ஊறி நிற்கிறது. மழைநீர் கனம் குறைந்தது. பாலின்மேல் ஆடை படிவதுபோல் உவர்நீரின் மேல் படிந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உவரை அமத்தி வைத்திருக்கும். கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் தனித்தனியே கண்ட கணக்கு இது. அதையே மறுபக்கமாகப் பார்: நீர்மட்டத்தை ஓரடி இறைத்துக் குறைத்தால் உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும். மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைக்கிற வளவுகளில் கிணறு சவர்த்துப் போவது இதனால்தான். துலாவில் இறைத்த காலத்தில் கை களைத்தது, கிணறு தப்பியது. நீ மோட்டர் வைத்திருந்தாலும் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்றே இறை. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தொட்டியில் பிடி. வழிகிற மிச்சத்தை ஒரு குழி வெட்டி நிலத்துக்குள் விடு.

முதல் இரண்டு மூன்று மழைக்கு ஒன்றும் நடவேண்டாம். கோடை வெயிலில் மேலே ஏறிய உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது அந்த மழைதான். கரையில் ஒதுங்குகிற சாதாழையை அள்ளிக் குவித்து, அதே மழையில் உப்புப் போகவிட்டு, பிறகு தென்னையடியில் தாட்டுவிடு.

வரம்பு கட்டினால் வளவுக்குள் தண்ணீர் நிற்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது ஆகாது. வேர் அழுகிச் செத்துவிடும். ஆகவே மரக்கறிப் பாத்திகளை ஒரு முழம் உயர்த்திப் போட்டு, இடையில் வாய்க்கால் விடு. நாற்றுமேடையை விறாந்தை ஓரமாகக் கிடுகுப் பந்தலுக்குக் கீழே வை. மார்கழியில் மழை தணியத் தணிய நாற்றைப் பிடுங்கி நடலாம். வெங்காயம் அதற்கும் பிறகு. அடைமழைக்குள் துணிந்து வைக்கக்கூடியவை பொன்னாங்காணி, வல்லாரை, வாழைக்குட்டி, தென்னம்பிள்ளை. தென்னம்பிள்ளைக் குழியில் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போடு. கோடையில் அந்த ஈரம்தான் பிள்ளையைக் காப்பாற்றும்.

காற்றை மறந்துவிடாதே. 1964 புயல், 2008இல் நிஷா, 2020இல் புரெவி, எல்லாம் கார்த்திகை, மார்கழியில்தான் வந்தன. முருங்கை காற்றுக்கு முறிகிற மரம். நீண்ட கொப்புகளை இப்போதே வெட்டிவிடு. வெட்டியதை எறியாதே, கதியாலாக நடு. கிளுவை, பூவரசங் கதியால்களை முதலில் வடக்கு, கிழக்கு வேலியில் போடு, வாடையும் கொண்டலும் அங்கேயிருந்துதான் அடிக்கும். நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கி மதில் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். சாந்து இல்லாத அந்த மதில் உப்புக் காற்றையும் தடுக்கும், கட்டாக்காலி மாடுகளையும் தடுக்கும். உன் வளவில் கல் கிடந்தால் அப்படியே செய். வேலி அடையாமல் கன்று வைப்பது ஆட்டுக்குச் சோறு போடுகிற வேலை.

பூக்களில் அலரி, நித்தியகல்யாணி, தேமா மூன்றும் உப்புக் காற்றுக்கு அசையாதவை. செவ்வரத்தை, நந்தியாவட்டைத் தடிகள் இந்த ஈரத்தில் சுலபமாக வேர்பிடிக்கும். மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் வெட்டி எருப் போட்டால் பங்குனியில் பூத்துக் குலுங்கும். கிளுவை வேலியில் கார்த்திகைப்பூ தானாகப் படரும், அழகுக்கு விட்டுவை. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. இராசவள்ளி கிண்டுகிற இடத்துக்குக் கிட்ட அதை வளரவிடாதே, பிள்ளைகளுக்கும் காட்டிச் சொல்லிவை.

மழை விட்டதும் முருங்கைத் தண்டில் மயிர்க்கொட்டி கூட்டமாக அப்பிக் கிடக்கும். நீண்ட தடியில் பந்தம் கட்டி, பட்டை கருகாமல் சுட்டுவிடு. சிரட்டை, பழைய தகரம் எல்லாவற்றையும் கவிழ்த்து வை. மாரியோடு டெங்கும் வரும்.

வரம்பு கட்டி முடித்ததும் எனக்குச் சொல்லு, மகள். முருங்கைக் கதியாலும் வாழைக்குட்டியும் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து படகில் ஏற்றிவிடுகிறேன். இறங்குதுறையில் ஆள் நிற்கவேண்டும், வெயிலில் கிடந்தால் குட்டி வாடிவிடும்.

அன்புடன்,
பெரியம்மா